ஒரு பிள்ளை குறைகிறது

இன்று காலை எங்கள் ஊர் அரசுப் பள்ளி டீச்சர் வாசலில் நின்றார். "பாப்பாவ நம்ம ஸ்கூல்ல சேத்துடுங்கண்ணா. இன்னும் ஒரு புள்ள சேரலன்னா மூடிடுவாங்க."

என் மூன்று வயதில் இதே வாசலில் அதே பள்ளியின் வாத்தியார் நின்றார். "ஆபீசர் வராரு, தல கொறையுதும்மா. சின்னவன ஒரு நாளிக்கு அனுப்பு." அம்மா அண்ணனின் சட்டையை எனக்கு மாட்டினாள், முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வகுப்பெல்லாம் கோதுமை உப்புமா வாசனை.

"எந்த க்ளாஸ்டா நீ?" என்றார் ஆபீசர்.

"உப்புமா துன்னுட்டுப் பூடுவேன்."

சிரித்துக்கொண்டே என்னையும் எண்ணினார். பள்ளி பிழைத்தது. பிறகு அங்கேதான் படித்தேன்.

இப்போது அந்தப் பள்ளியைத் தாங்குவது இரும்பு ஆலை வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்களின் பிள்ளைகள். உள்ளூரில் ஒருத்தனுக்கும் வெட்கமில்லை, எனக்கும்தான்.

தனியார் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. "யோசிக்கிறேன் டீச்சர்" என்று பொய் சொன்னேன். மகளை ஏற்றி, கதவை நானே சாத்தினேன்.