முகுந்த்1220

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். அகல்யாவுக்குக் கதை கட்டத் தெரியாது. கதை கட்டவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். நாள் முழுக்க அறுபது பேரிடம் பேசி ஓய்ந்து போகிறவளிடம் அது ஏது?

கோயம்புத்தூர்க்காரி. புனேயில் சாங்வியில் குடியிருக்கிறாள். ஓர் ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குக் கணக்கைத் திறந்து கொடுக்க வேண்டும். கணக்கு தொடங்கும்போதே, 'இந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள்?' என்று கேட்டு எழுதி வாங்கிவிடுவார்கள். மறந்தவர் அதே காரணத்தைப் போனில் சொன்னால் திறக்கலாம். மூன்று வாய்ப்பு. துப்புக் கொடுக்கக் கூடாது. எல்லா அழைப்பும் பதிவாகும். யாருக்கோ இரக்கப்பட்டு வாயைத் திறந்த மனோஜைப் போன மாதம்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

நாய் பெயர், பழைய காதலி பெயர், முதல் பைக்கின் நம்பர்... மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அன்று புதன்கிழமை. மதியம் 2:10. பக்கத்து ஆகுர்டியிலிருந்து வாசுதேவன் என்பவர் கூப்பிட்டார். கார் பாகங்கள் செய்யும் ஃபாக்டரியில் வேலை.

"மேடம், என் பையன் கணக்கு. முகுந்த்1220. காய்ச்சல்ல போயிட்டான். ரெண்டு வருஷம் ஆச்சு."

"சொல்லுங்க சார்."

"சிநேகிதங்களோட விளையாடறப்ப அதுல பேசிப் பேசி வச்சிருக்கான். அவன் குரல் வேற எங்கயும் இல்ல மேடம். அவன் அம்மா கேக்கணும்னு சொல்றா."

அகல்யா கணக்கைத் தேடி எடுத்தாள். இரண்டு வருடம் தொடாத கணக்கு. அன்று இரவு தானாக அழிந்துவிடும்.

பெயர்க் காரணம் திரையில் இருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். 'அப்பாவுக்கு எப்பவும் செகண்ட் ஷிஃப்ட். 12:20க்கு ஸ்கூட்டர் சத்தம் கேக்கும். அதுவரைக்கும் முழிச்சிருப்பேன். கேட்டதும் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவேன். அப்பா வந்து...'

அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் அதற்கு மேல் எழுத்து ஏறாது. பாதியில் வெட்டிவிடும்.

"1220... ரோல் நம்பரா மேடம்?"

"இல்லீங்க சார்."

"அவன் சைக்கிள் பூட்டு நம்பர்?"

"இல்லீங்க."

பதில் அவள் கண்ணெதிரே இருந்தது. சொல்ல முடியவில்லை. ச்சே, என்ன பிழைப்பு இது என்று அவளுக்கு வெறுத்துப் போனது.

"இன்னும் ஒரு தடவைதான் இருக்குங்க சார். அவசரப்படாதீங்க. ஏழு மணி வரைக்கும் நான் இருப்பேன், யோசிச்சுக் கூப்பிடுங்க."

"யோசிச்சா மட்டும் என்ன மேடம்... நான் வீட்ல இருந்ததே கம்மி."

3:52. மறுபடி அழைப்பு. அதே நம்பர். அகல்யா டீயை அப்படியே வைத்துவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

பின்னால் ஒரு ஸ்கூட்டர் சத்தம். நெருங்கி வந்தது. நின்றது. இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள்... டிக்.

"சார்?"

"அப்பாவுக்கு எப்பவும் செகண்ட் ஷிஃப்ட்."

குரல் மெலிந்திருந்தது. அழுதிருப்பார் என்று நினைத்தாள்.

"12:20க்கு ஸ்கூட்டர் சத்தம் கேக்கும். அதுவரைக்கும் முழிச்சிருப்பேன்..."

எழுதியது எழுதியபடி. ஒரு வார்த்தை பிசகவில்லை. அவளுக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கியது. மனுஷன் கண்டுபிடித்துவிட்டார்! அனுமதிப் பொத்தானை அழுத்தினாள்.

குரல் நிற்கவில்லை.

"கேட்டதும் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவேன். அப்பா வந்து..."

திரையில் அதோடு முடிந்திருந்தது.

"...போர்வையை இழுத்துப் போத்தி விடுவாரு. அதுக்குத்தான் முழிச்சிருப்பேன்."

திரையை மறுபடி பார்த்தாள்.

"சார்... நீங்கதானே?"

மூச்சு மட்டும் கேட்டது...

"அசதியா இருக்கு," என்றது குரல்.

3:56. துண்டித்துவிட்டது.

சரியாக 6:02க்கு வாசுதேவன் கூப்பிட்டார். பின்னால் இயந்திர இரைச்சல், டீ டம்ளர்களின் சத்தம்.

"மேடம், டீ பிரேக். எனக்கு ஒண்ணும் தோணல. விட்டுடலாம் மேடம்."

"சார்... நீங்க மூணே முக்காலுக்கு மேல கூப்பிட்டீங்களே. கணக்கைத் திறந்தாச்சுங்களே."

"நானா? மூணேகாலுக்குப் போனை லாக்கர்ல வச்சுப் பூட்டினேன். உள்ள கொண்டு போக விடமாட்டாங்க. இப்பத்தான் எடுக்கறேன்."

அவர் பார்த்துச் சொன்னார், போனில் 3:52க்கு எந்த அழைப்பும் இல்லை.

கணக்கு திறந்தாகிவிட்டது, இனி சொல்லத் தடையில்லை. அகல்யா பெயர்க் காரணத்தைச் சொன்னாள். போர்வையையும் சொன்னாள்.

"தூங்கறான்னுல்ல நெனச்சேன்," என்றார். "ஒரு நாளாவது எழுப்பிப் பேசியிருப்பேனே மேடம்..."

அவளுக்கும் அழுகை வந்தது. அடுத்த அழைப்பை அவள் எடுக்கவில்லை.

மறுநாள் 2:05க்கு அதே நம்பர். எடுக்கப் பயந்தாள். எடுத்தாள். வாசுதேவன்தான்.

"ராத்திரி போனதும் என் சம்சாரம் ராஜிகிட்ட சொன்னேன் மேடம். அழுவான்னு நெனச்சேன். அழல."

"என்ன சொன்னாங்க?"

"அவன் போனதுலேர்ந்து நான் அந்த ரூமுக்குள்ள போனதே இல்ல. வந்ததும் ஹால்லயே படுத்துடுவேன். அவதான் காலைல பெருக்கப் போவா..."

நிறுத்தினார்.

"தெனமும் ராத்திரி போர்வையை மடிச்சு வச்சுட்டுத்தான் கதவைச் சாத்துவாளாம். தெனமும் காலைல அது கட்டில்ல விரிஞ்சு, கால்மாட்டுல சுருண்டு கெடக்குமாம். ரெண்டு வருஷமா. திரும்ப மடிச்சு வச்சுட்டே இருந்திருக்கா. நானே அசந்து வரேன், என்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டாளாம்."

அகல்யா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னிக்கும் செகண்ட் ஷிஃப்ட்தான் மேடம்," என்றார் வாசுதேவன். "வந்ததும் நேரா அவன் ரூமுக்குள்ள போயிடுவேன்."