கேக்கின் மேல் நின்ற அப்பா

அருள்மொழியிடம் கேக் சொல்லப் போகிறவர்கள் முதலில் கொஞ்சம் முழிப்பார்கள். எத்தனை கிலோ, முட்டை போடலாமா கூடாதா என்று கேட்பாள் என நினைத்து உட்கார்ந்தால், "அன்னைக்கு அப்பாவுக்கு என்ன ஷிப்ட்?" என்று ஆரம்பிப்பாள். தெரியாது என்று சொன்னால் அவ்வளவுதான். "வீட்டுல கேட்டுட்டு வாங்க. க்ரீம் பத்தி அப்புறம் பேசலாம்" என்று எழுப்பி அனுப்பிவிடுவாள்.

அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பெரிய காலண்டர் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குழந்தையின் பெயர், அதற்குக் கீழே அப்பாவின் ஷிப்ட். முதல் ஷிப்ட் என்றால் சாயங்காலம் கொண்டாட்டம். இரண்டாவது ஷிப்ட் என்றால் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், காலை ஏழரைக்குக் கேக் வெட்டு, கையோடு இட்லி. நைட் என்றால் சாயங்காலம் ஆறு மணி, எட்டரைக்குள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். பலூன் எத்தனை, யார் யாரைக் கூப்பிடுவது, குழந்தைகளுக்கு என்ன விளையாட்டு, எல்லாம் அதற்குப் பிறகுதான் முடிவாகும்.

நான் ஜானகி, சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் அவளுக்கு எதிர் குவார்ட்டர்ஸ். இந்தத் தொழிலில் எனக்கும் ஒரு உத்தியோகம் உண்டு. அவள் ஸ்கூட்டர் ஓட்டுவாள், நான் பின்னால் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கேக் பிடிக்காது. காரச் சேவு கொடுத்தால் சாப்பிடுவேன். பெட்டியைத் திறந்து பார்க்க மாட்டேன், விரலை விட்டு நக்க மாட்டேன் என்பதால்தான் என்னை நியமித்திருக்கிறாள்.

அவள் கைவேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடையில் கிடைக்கிற ரோஜாப்பூ, கார்ட்டூன் பொம்மை எதுவும் அவளிடம் கிடையாது. யாருக்குப் பிறந்தநாளோ அவர்களுடைய பொருளைத்தான் சர்க்கரை மாவில் பிடித்து வைப்பாள். ஒருமுறை ரிட்டயர் ஆகிற பெரியவர் ஒருவருக்கு அறுபதாவது பிறந்தநாள். முப்பது வருடம் அவர் குடியிருந்த குவார்ட்டர்ஸையே கேக்காகச் செய்தாள். சுவரில் இருந்த விரிசல், வாசலில் காய்த்த மாமரம், கொடியில் காய்ந்த லுங்கி வரைக்கும் இருந்தது. மனிதர் கத்தியை வாங்கிக்கொண்டு நின்றாரே தவிர வெட்டவில்லை. "இடிச்சா டேமேஜ் சார்ஜ் பிடிச்சிடுவாங்கம்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவர் கண் மட்டும் கலங்கியிருந்தது.

இந்த ஷிப்ட் பைத்தியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை. அவள் பிறந்தது மார்ச் மாதம், விடியற்காலை மூன்று மணி பத்து நிமிடம். அப்போது அவள் அப்பா கலியன் சுரங்கத்தில் நைட் ஷிப்டில் இருந்தார். அவர்கள் செக்‌ஷனில் நைட் ஷிப்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறதோ, வருகைப் பதிவில் முழுக்க அந்தத் தேதிதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஊருக்கெல்லாம் தேதி மாறும், அவர்களுக்கு மாறாது. ஆகவே கலியன் கணக்கில் மகள் பிறந்தது பதினான்காம் தேதி. ஆஸ்பத்திரி சீட்டிலும் அம்மா தனத்தின் கணக்கிலும் பதினைந்து.

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பதினான்காம் தேதி அப்பா க்ரீம் பன் வாங்கி வந்து அதில் தீக்குச்சியைச் செருகிக் கொளுத்துவார். அம்மா அந்தப் பக்கமே வர மாட்டாள். பதினைந்தாம் தேதி அம்மா கேசரி கிண்டுவாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நானும் ஒருநாள், "உனக்கென்னடி, வருஷத்துக்கு ரெண்டு பிறந்தநாள்" என்று கிண்டல் செய்தேன். "ரெண்டு நாள் இருந்து என்ன ஜானகிம்மா, ஒரு நாள்கூட ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கலையே" என்றாள்.

வளர்ந்த பிறகு அவள் அம்மா கட்சியில் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் மார்ச் பதினான்கு விடிந்தால் குறிஞ்சிப்பாடியிலிருந்து கலியனின் போன் வரும். "நாளைக்குப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாள். முப்பத்தைந்து வயது வரைக்கும் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

போன அக்டோபரில் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து அன்புக்கரசி என்ற பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் இசைப்பிரியாவுக்கு இருபத்திரண்டாம் தேதி எட்டு வயது முடிகிறது. அப்பா கலைச்செல்வன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற ரப்பர் பெல்ட் கிழிந்தால் ஒட்டுகிற வேலை.

"கேக்கு மேல என்ன வேணும் குட்டி?" என்று அருள்மொழி கேட்டாள்.

"எங்க அப்பா வேணும்."

அந்தப் பெண் அம்மாவின் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். முதல் பிறந்தநாளிலிருந்து ஏழாவது வரை கேக் வெட்டுகிற போட்டோக்கள். அம்மா இருக்கிறாள், மாமா இருக்கிறார், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிகூட ஒன்றில் எட்டிப் பார்க்கிறது. அப்பா ஒன்றிலும் இல்லை.

"ஒவ்வொரு வாட்டியும் எதாச்சும் ஒண்ணு வந்துடுதுக்கா. அப்பா கேக்கு மேல நின்னா போட்டோவுல வந்துடுவாருல்ல?"

அருள்மொழி போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு நோட்டை எடுத்தாள். "மீசை உண்டா?"

"உண்டு. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாரி இருக்காது."

"அப்படியே வெச்சிடலாம்" என்றவள் காலண்டரைப் பார்த்தாள். அந்த வாரம் கலைச்செல்வனுக்கு நைட். "சாயங்காலம் ஆறு மணிக்கு வெட்டுறோம். அப்பா கேக்கு மேலயும் நிப்பாரு, உன் பக்கத்துலயும் நிப்பாரு. அதுக்கு நான் பொறுப்பு."

இந்த ஊரில் எதை நம்பி வேண்டுமானாலும் வாக்குக் கொடுக்கலாம், அடுத்தவர் ஷிப்டை நம்பி மட்டும் கொடுக்கக் கூடாது. அவர்கள் போனதும் திட்டினேன். அவள் காதில் வாங்காமல், அளவு பார்க்கக் கலைச்செல்வனின் போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.

கேக் பிரமாதமாக வந்தது. சாக்லேட் மண் படிப்படியாக இறங்கி அடியில் கறுப்பாகக் கரி தெரிய, குறுக்கே ஒரு பெல்ட் ஓடியது. பெல்ட் ஓரத்தில் மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சுச் சட்டை, ஒரு பக்கம் தூக்கிய மீசையோடு விரல் நீளத்துக்குக் கலைச்செல்வன் நின்றார்.

இரண்டு நாளாக மழை. இருபத்திரண்டாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, பதினேழு வேகத்தடைகளைத் தாண்டி வடக்குத்துக்குக் கேக்கைக் கொண்டு சேர்த்தேன். பலூன் எல்லாம் கட்டியிருந்தது. அன்புக்கரசி மட்டும் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு மணிக்குக் கூப்ட்டாங்கக்கா. பெல்ட்டு கிழிஞ்சிபோச்சாம். போட்ட சோத்த அப்டியே வெச்சிட்டு எழுந்து போனாரு."

அருள்மொழி போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கலைச்செல்வனிடம் பேசினாள். "ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போக முடியாதாங்க?"

"முடியாதுங்க. பெல்ட்ட உரிச்சி வெச்சிருக்கு. பசை தடவி, சூட்டுல வெச்சி, ஆற வெச்சி எடுக்கணும். நடுவுல கைய எடுத்தா மொத்தமும் வீணுங்க. நீங்க கேக்கு செய்யறவங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும்.

"இத முடிச்சி, நைட் ஷிப்டையும் பாத்துட்டு, காலைல ஆறு மணிக்குத்தாங்க வெளிய வருவேன். பாப்பாவ வெட்டச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாப்பா வெட்டவில்லை. ஜரிகைக் கவுனைப் போட்டுக்கொண்டு கேக்குக்கு முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சமோசாவைத் தின்றுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா காலைல வந்ததும் வெட்லாம்டி" என்றாள் அன்புக்கரசி.

"காலைல இருபத்தி மூணு. அன்னைக்கு எனக்குப் பொறந்தநாள் இல்ல."

எனக்கு அந்தப் பெல்ட்டின் மீதே கோபம் வந்தது. அருள்மொழியோ சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவளாகக் குழந்தையின் முன் மண்டியிட்டாள்.

"அப்பா நைட் ஷிப்டுல உள்ள இருக்கிற வரைக்கும் இன்னைக்குத் தேதிதான் கணக்கு. காலைல ஆறு மணி வரைக்கும் அவருக்கு இருபத்திரண்டுதான்."

"பொய்."

"பொய் இல்ல. மைன்ஸ்ல முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் சொன்னா நம்புவியா?"

போனைச் சத்தமாக வைத்துக் கலியனைக் கூப்பிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. இத்தனை வருடம் எந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டாளோ, அதற்கே இப்போது சாட்சி கேட்கிறாள்.

"அப்பா, நைட் ஷிப்டு எந்தத் தேதிக் கணக்கு?"

"எதுக்குக் கேக்கற?"

"சொல்லுங்கப்பா. இங்க ஒரு பொண்ணு காத்துகினு இருக்கு."

"உள்ள போன தேதிதான். வேற என்னா?"

இசைப்பிரியா போனுக்குப் பக்கத்தில் வந்தாள். "தாத்தா, வெளிய வரசொல்ல லேட் ஆயிட்டா?"

"ஆனா என்னா? வூட்டுக்குப் போயி குளிக்கிற வரைக்கும் ஷிப்டு முடியல பாப்பா. ஒடம்புல கரி இருக்கிற வரைக்கும் அதே தேதிதான்."

இந்தச் சட்டத்தை அவர் அந்த நிமிடம் உண்டாக்கினார் என்று கோயிலில் சத்தியம் செய்வேன். ஆனால் குழந்தையின் முகம் தெளிந்துவிட்டது. கலியனும் சும்மா விடவில்லை.

"அருளு, அப்ப விடியகாலம் மூணு மணிக்கு ஒரு புள்ள பொறந்தா?"

அருள்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். "முந்தின தேதிதாம்பா."

"அப்ப நீ எப்பப் பொறந்த?"

"பதினாலாந்தேதிப்பா."

"தனம்! ஏ தனம்! இங்க வா, ஒம் பொண்ணு என்னா சொல்றா கேளு!" என்ற கூச்சலோடு போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

கேக் மறுபடி என் மடிக்கு வந்து, ராத்திரிக்கு அருள்மொழி வீட்டு ஃப்ரிட்ஜுக்குத் திரும்பியது. விடியற்காலை ஐந்தேகாலுக்கு மூன்றாவது முறையாக அதைச் சுமந்துகொண்டு, அத்தனை வேகத்தடைகளையும் பெயர் சொல்லித் திட்டியபடி சுரங்க கேட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சைத் துடைத்துக் கேக்கை வைத்தோம். இசைப்பிரியா ஜரிகைக் கவுனுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அம்மாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

ஆறு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கலைச்செல்வன் கூட்டத்தோடு வந்தார். முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் கறுப்பு, பல் மட்டும் வெளுப்பு. பெஞ்சையும் கேக்கையும் மகளையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் வந்தவர்கள்தான் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இரும்மா, கைய கழுவிகினு வந்துடறேன்" என்று டீக்கடைக் குழாய்ப் பக்கம் திரும்பினார்.

"கழுவாதீங்கப்பா!" என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது. "கழுவினா இருபத்தி மூணாயிடும்!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்புக்கரசி சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இன்னும் இருபத்திரண்டுதான்" என்று மகளிடம் ஒத்துக்கொண்டார்.

காற்றில் எட்டு மெழுகுவர்த்தியும் நிற்காமல் அணைந்தன. பெல்ட் ஒட்டிவிட்டு வந்த ஆட்கள் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுற்றிலும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கறுப்புக் கை மகளின் கையோடு சேர்ந்து கத்தியைப் பிடித்தது. கவுனில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"போட்டோ, போட்டோ" என்று நான் போனைத் தூக்கினேன்.

"இருங்க ஜானகிம்மா" என்றாள் இசைப்பிரியா. கேக்கின் மேல் நின்ற சர்க்கரை அப்பாவை இரண்டு விரலால் பிடுங்கினாள். அருள்மொழி பதறிப்போனாள், ஏனென்றால் போட்டோ எடுப்பதற்கு முன்னால் அவள் பொம்மையை யாரும் தொடக் கூடாது என்பது அவள் சட்டம்.

"இது வேணாங்கக்கா. அப்பா வந்துட்டாரு" என்று அதை அருள்மொழியின் கையில் வைத்துவிட்டு, அந்தப் பெண் அப்பாவின் சேற்றுச் சட்டையோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, போட்டோவும் கொஞ்சம் ஆடித்தான் விழுந்திருக்கிறது. அருள்மொழி கண்ணைத் துடைக்கக் கை வேண்டுமே என்று கையிலிருந்த மீசைக்காரரைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.