கிரேன் செட்டில் ஒரு வாத்துத் தலை

அவருக்குத் ‘தொண்ணூத்தொம்பது’ என்று பெயர் வைத்தவர் அவருடைய மைத்துனர். துண்டு துண்டாகப் பொருத்தி வீடு, கப்பல், ரயில் என்று கட்டும் பிளாக் செட்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் பழையவற்றை வாங்கி இணையத்தில் விற்பது அவருடைய உபதொழில். எதை விற்றாலும் விளம்பரத்தின் முதல் வரி ஒன்றுதான்: ‘99% முழுமையானது.’ மீதி ஒரு சதவீதத்தில்தான் ரயிலின் எஞ்சின் இருக்கும். கப்பல் என்றால் பாய்மரம் இருக்கும்.

“அத்தான் கல்யாணத்துக்கே அப்படித்தான் விளம்பரம் குடுத்தாரு. தொண்ணூத்தொம்பது சதவீதம் மாப்பிள்ளை,” என்றார் மைத்துனர் ஒரு விருந்தில்.

“மீதி ஒண்ணு?”

“மனசாட்சி. அது மட்டும் நாம தனியா வாங்கிப் போட்டுக்கணும்.”

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் தொண்ணூத்தொம்பதுதான். அவருக்கு அது பாராட்டாகவே பட்டிருக்க வேண்டும்.

அவருடைய விளம்பரங்களுக்குத் தனியாக ஓர் அகராதி வேண்டும். ‘மிதமாகப் பயன்படுத்தியது’ என்றால் நாய் கடித்திருக்கிறது. ‘பெட்டியுடன்’ என்றால் ஏதோ ஒரு பெட்டி உண்டு, அந்தச் செட்டின் பெட்டி என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ‘நன்கு சுத்தம் செய்தது’ என்றால் தலையணை உறைக்குள் கொட்டி, முடிச்சுப் போட்டு, வாஷிங் மெஷினில் ஓட்டியிருக்கிறார். ஒட்டுப்படங்கள் உரிந்து உறையோடு போயிருக்கும். வெள்ளைக் கட்டைகள் வெயிலில் பழுப்பேறியிருந்தால் மஞ்சள் விளக்கின் கீழ் வைத்துப் படம் எடுப்பார். அந்த வெளிச்சத்தில் உலகமே பழுப்பாகத் தெரியும், கட்டைகள் மட்டும் ஏன் தெரியக் கூடாது? ‘என் மகள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது’ என்றும் சில விளம்பரங்களில் எழுதுவார். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. அந்த வரியை முதன்முதலாகப் படித்த அன்று அவர் மனைவி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அவருடைய விளம்பரங்களைப் படிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

இந்தத் தொழிலில் ஒழுங்காகச் செய்கிறவர்கள் எண்ணுவார்கள். ஒவ்வொரு செட்டின் கையேட்டிலும் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் உண்டு. எந்தத் துண்டு, எந்த நிறம், எத்தனை என்று படத்தோடு போட்டிருக்கும். ஒரு பெரிய செட்டை அந்தப் பட்டியலோடு ஒப்பிட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கண் எரியும், முதுகு பிடித்துக்கொள்ளும். நம்மவர் அந்தப் பக்கங்களைத் திறந்ததே இல்லை. அவர் எடை போடுவார். எந்தச் செட் எத்தனை கிராம் என்பது இணையத்தில் கிடைக்கும். சமையலறைத் தராசில் வைத்து, அறுபது கிராம் குறைந்தால் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றிலிருந்து அறுபது கிராம் அள்ளிப் போட்டுச் சரிக்கட்டுவார். அந்த டப்பாவுக்கு ‘எடை டப்பா’ என்று பெயர். உடைந்த செட்டுகளின் உதிரிகள் எல்லாம் அதில் கிடக்கும். ஆனால் நிறம் பார்த்துத்தான் போடுவார். மஞ்சள் செட்டுக்கு மஞ்சள், சாம்பல் செட்டுக்குச் சாம்பல். அவருடைய தொழிலில் உழைப்பு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

பகலில் அவர் குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடை ஒன்றில் உத்தரவாதப் பிரிவில் இருந்தார். பழுது என்று வருகிறவர்களிடம் அந்தப் பழுது உத்தரவாதத்தில் அடங்காது என்று பணிவாகச் சொல்வது அவர் வேலை. குரல் உயராது, முகம் மாறாது. அந்த நிதானத்துக்காகவே இரண்டு முறை அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நுண்ணோக்கியில் அணுக்களை எண்ணுவது அவள் வேலை. கணவர் வெளியே எழுதுவதெல்லாம் அளப்பு என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளும் அப்படித்தான் பேசுவார் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை. அவள் எண்ணத் தவறியது அந்த ஒன்றைத்தான்.

தொண்ணூத்தொம்பதின் மாமனாருக்கு, அவளுடைய அப்பாவுக்கு, ஒரு வருஷம் லேசான பக்கவாதம் வந்தது. அவர் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பர். மனைவி இறந்த பிறகு இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, நடையும் திரும்பிவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் மந்தமாக இருந்தன. அத்துடன் மகளுக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்து மறந்துவிட்டார். இன்னொரு நாள் பக்கத்து வீட்டுக்காரரை அவருடைய அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“ரெண்டு மாசம் பாக்கலாம்ப்பா,” என்றாள் மகள். “நல்லா இருந்தீங்கன்னா இங்கயே இருங்க. இல்லன்னா வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்களோட வந்துருங்க.”

“உங்க வீட்டுல எனக்கு எந்த ரூமும்மா?”

“அந்தப் பொம்மைப் பெட்டி ரூம ஒழிச்சித் தரச் சொல்றேன்.”

பெரியவர் அந்த அறையைப் பார்த்திருக்கிறார். ஜன்னலை மறைத்துக் கூரைவரை பெட்டி. அவர் வீட்டின் மாற்றுச் சாவியை மகள் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

விரலுக்குப் பயிற்சி வேண்டும், சின்னச் சின்னப் பொருட்களை எடுத்துப் பொருத்தட்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். தொண்ணூத்தொம்பது மறுநாளே ஒரு டவர் கிரேன் செட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு துண்டுகள். இரண்டு பேர் வாங்கி இரண்டு பேரும் திருப்பி அனுப்பிய செட் அது. ‘என்னால விக்க முடியல, நீங்க வெச்சுக்குங்க’ என்று சொல்லியிருந்தால்கூட மனிதர் என்று மதித்திருக்கலாம்.

“ஒரு துண்டு குறையாது மாமா. நானே ரெண்டு தடவ எண்ணிப் பாத்தேன்.”

“எண்ணினீங்களா? அது போதும் மாப்பிள்ளை,” என்றார் மாமனார். முப்பத்தொரு வருஷம் எண்ணியவருக்கு, இன்னொருவர் எண்ணினேன் என்று சொன்னால் அது கையெழுத்துப் போட்டதற்குச் சமம்.

தினமும் காலையில் கையேட்டைப் பார்த்து ஆறு படிகள் கட்டினார். விரல் வழுக்கும், திரும்ப எடுப்பார். ஒரு மாதத்தில் கோபுரம் மேஜையில் முழங்கை உயரத்துக்கு எழுந்தது. தட்டில் இருந்த மஞ்சள் துண்டுகளுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு வாத்துத் தலை கிடந்தது. கிரேனில் வாத்து எங்கே வரும் என்று பல நாள் யோசித்தார். யாரையாவது கேட்கலாம் என்றும் நினைத்தார். கேட்டால், ‘அப்பா கிரேன்ல வாத்து எங்கன்னு கேக்குறாரு’ என்று டாக்டர் வரைக்கும் போகும். இந்தக் காலத்துக் கிரேனில் என்னென்ன உண்டோ என்று விட்டுவிட்டார்.

நூற்று எண்பத்தெட்டாம் படியில் கொக்கியை இழுக்கும் கப்பி இல்லை. மருமகனுக்குப் போன் செய்தார்.

“இருக்கும் மாமா. எண்ணித்தான குடுத்தேன்? எங்கயாவது விழுந்திருக்கும், பாருங்க.”

அவர் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார், துடைப்பத்தின் ஈர்க்குகளைப் பிரித்துப் பார்த்தார், குப்பைக் கூடையைச் செய்தித்தாளில் கொட்டிக் கிளறினார். இரண்டு படி தாண்டினால் பல்சக்கரம் ஒன்று இல்லை. அதற்கடுத்துக் கயிறு சுற்றும் உருளை இல்லை. மகள் வந்தபோது, தகப்பன் அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.

“என்னப்பா இது?”

“தொலைச்சிட்டேன்மா. எங்க வெச்சேன்னு தெரியல.” சொல்லிவிட்டு அவரே அதிர்ந்து போனார். டிப்போவில் ஒரு வாஷர்கூடக் கணக்கில் உதைத்ததில்லை.

அன்று மாலை அவள் கணவரைச் சமையலறையில் நிறுத்திக் கேட்டாள். “நிஜமா எண்ணினீங்களா?”

ஒரே ஒரு ‘இல்லை’ சொல்லியிருந்தால் போதும். கடையும் நஷ்டமாகாது, வாடிக்கையாளரும் போகமாட்டார். பெண்டாட்டி இரண்டு நாள் திட்டியிருப்பாள், அவ்வளவுதான். அவர் உத்தரவாதப் பிரிவின் முகத்தோடு சொன்னார்:

“ரெண்டு தடவ எண்ணினேன்மா. பாவம், மாமாவுக்கு வயசாகுதுல்ல.”

அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அதை மன்னிக்கவே முடியாது.

மறுநாளே அவர், மாமனாரின் போன் எண்ணையே கொடுத்து, மாமனார் வீட்டுக்கு வாடகை விளம்பரம் போட்டுவிட்டார். ‘காற்றோட்டமான மூன்று அறைகள். ரயில் நிலையம் நான்கு நிமிடம்.’ ரயிலே அந்தத் தூரத்தை நான்கு நிமிடத்தில் கடக்காது.

மகள் வந்து அழைத்தபோது பெரியவர் மறுக்கவில்லை. “சரிம்மா, வந்துடறேன். ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டு வாங்க,” என்றார். அவருக்கே தன்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. டிப்போவில் ஒரு பொறுப்பிலிருந்து இறங்குகிறவர் இருப்பு எடுத்துக் காட்டாமல் இறங்கக் கூடாது. மருமகன் பொருளைத் திருப்பிக் கொடுப்பதென்றால் அதற்கும் இருப்பு எடுத்தாக வேண்டும். கிரேனைப் பிரித்தார். கையேட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு, மந்தமான விரல்களால் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தார்: இருக்க வேண்டியது, இருப்பது, குறைவு, கூடுதல். ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்து எழுதினார். நான்கு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளும் மருமகனும் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தார்கள். பெரியவர் மூன்று தாள்களை நீட்டினார்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் படிங்க.”

“இதெல்லாம் எதுக்கு மாமா? விடுங்க. உங்கள யாரு கணக்குக் கேட்டா?”

“யாரும் கேக்கலதான். நாப்பத்தொண்ணு குறையுது. நான் தொலைச்சேன்னே வெச்சுக்குவோம்.”

“பரவால்ல மாமா, இந்த வயசுல…”

“அம்பத்தெட்டு கூடுதலா இருக்கே. அது?”

தொண்ணூத்தொம்பது கடைசித் தாளைப் புரட்டினார்.

“தொலைக்கிறதுக்கு வயசானா போதும் மாப்பிள்ளை. இல்லாததக் கொண்டுவர வயசு போதாதே! பட்டியல்லயே இல்லாத சாமான் எப்படி வந்துச்சு? குட்டி போட்டுச்சா?” பெரியவர் சட்டைப் பையிலிருந்து வாத்துத் தலையை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இது எத்தனாவது படி? ஒரு மாசமா யோசிக்கிறேன்.”

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். இவர் தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளப் புறப்பட்டார்.

“எடை சரியா இருக்கும் மாமா! வேணும்னா தராசுல போட்டுப் பாருங்க. ஒரு கிராம் குறையாது.”

மகள் அதுவரை பெட்டி ஒன்றை விரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

“எடையா? சமையல் ரூம்ல இருக்கற அந்த பிஸ்கட் டப்பாவா?”

அவரும் ஒரு காலிப் பெட்டியை எடுத்து விரிக்கத் தொடங்கினார்.

“எண்ணவே இல்லையா நீங்க?”

“எடையும் ஒரு கணக்குத்தானம்மா…”

“எங்க லேப்ல எடை போட்டுத்தான் ரத்தம் பாக்குறோமா?” என்றாள் அவள். “எங்கப்பா குப்பைத் தொட்டியக் கொட்டித் தேடினாரு. அன்னிக்குச் சாயங்காலம் உங்ககிட்ட நான் கேட்டேன். அப்பவும் ‘பாவம்’னீங்க.”

“நான் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா.”

“எந்த அர்த்தத்துலயும் இனிமே சொல்லாதீங்க.”

அவள் கைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துத் தகப்பனின் வலது கையில் வைத்தாள். அவர் விரல்கள் மெதுவாக, ஆனால் நழுவவிடாமல் மூடிக்கொண்டன.

“பால் மட்டும் பொங்கவிடாதீங்கப்பா.”

“பொங்கட்டுமே. பாலுன்னா பொங்கத்தான் செய்யும்,” என்றார் பெரியவர்.

அட்டைப்பெட்டிகள் காலியாகவே வண்டியில் ஏறின. ஒன்றில் மட்டும் கிரேன் போயிற்று. இருப்புத் தாள்களையும் பெரியவர் அதிலேயே வைத்து அனுப்பினார். பொருளோடு கணக்கும் போக வேண்டும் என்பது டிப்போ வழக்கம்.

தொண்ணூத்தொம்பது திருந்தியிருப்பார் என்று யாராவது எதிர்பார்த்தால், அவர்கள் அவருடைய விளம்பரத்தை நம்பி வாங்குகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த வாரமே கிரேன் மறுபடி இணையத்தில் ஏறியது. ‘100% சரிபார்க்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர் ஒருவர் ஒவ்வொரு துண்டாக எண்ணியது. கையெழுத்துப் பட்டியல் இணைப்பு.’ பட்டியலின் படமும் இருந்தது. முதல் இரண்டு பத்திகள் மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் எழுதிய ஓர் உண்மை அது, அதையும் பாதியாக வெட்டித்தான் போட முடிந்தது. மனைவி அந்த விளம்பரத்தைப் படித்தாள். கேள்விப் பகுதியில் ‘குறைவு 41, கூடுதல் 58, வாத்து 1 உட்பட’ என்று எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வாடகை விளம்பரத்தை எடுக்க மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பெரியவர் வீட்டுக்கு இன்னும் போன்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதன்மேலிருந்து கண்ணை எடுக்காமலே ஒருவருக்குப் பதில் சொன்னார்.

“வாடகைக்கு இல்லங்க. நான்தான் குடியிருக்கேன். ரெண்டு ரூம்தான் சார். மூணாவது ரூமா? அது விளம்பரத்துல இருக்கு. அங்கயே போய் இருந்துக்குங்க.”