பேனா பிடித்த கை

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், நிரந்தர வேலைக்கான எழுத்துத் தேர்வுக்கு நானும் மாரியும் வந்திருந்தோம். தேவி வரவில்லை, அவளுக்குப் போன வருடமே இங்கு வேலை கிடைத்துவிட்டது. காந்தத்துக்கு நடுவே கம்பி நகர்ந்தால் மின்னோட்டம் எந்தத் திசையில் என்ற கேள்வியைப் படித்ததும், வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டின் வறுகடலை வாசனை வந்துவிட்டது.

பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை முடிந்து மூவரும் அங்கே நின்றோம். இதே கேள்வி, இரண்டு மார்க். மூவருக்கும் ஒரே விடை.

"அப்ப கரெக்ட்டுதான்," என்றான் மாரி.

தேவி சும்மா வலக்கை விதிப்படி வலது கையை விரித்தாள். கட்டைவிரல் கம்பி நகரும் பக்கம், சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம். நடுவிரல் நாங்கள் எழுதிய விடைக்கு நேரெதிராகக் காட்டியது.

"டேய், உள்ள எந்தக் கையில பாத்தீங்க?"

"இடது கையிலதான். வலது கையில பேனா இருந்துச்சில்ல," என்றேன்.

"நானுந்தான்டா," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடமே போகாத அம்மா வீட்டில் கேட்டாள்: "பேனாவ கீய வெச்சா எவனாவது தூக்கினு பூடுவானா?"

இன்று பேனாவைக் கீழே வைத்தேன். பின்வரிசையில் மாரி வைக்கும் சத்தமும் கேட்டது. வலது கையை விரித்துப் பார்த்து, நிதானமாக விடையை எழுதினேன்.

இந்தப் பழக்கம் வர எங்கள் மூவருக்கும் ஆன மொத்தச் செலவு ஆறு மார்க்.