போர் முடிந்தால் யன்னலில் மெழுகுதிரி

டென்மார்க்கின் துறைமுக ஊரான எஸ்பியர்க்கில் எங்கள் வீட்டில் டென்மார்க்கைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா எங்களுக்குப் பல வருடம் முன்பே வந்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனால் அவருக்குத் தெரிந்த டென்மார்க் தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிட்டது என்பது என் தீர்ப்பு. அம்மாவும் நானும் இலங்கையின் வன்னியை விட்டு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் நான் டெனிஷ்காரியே ஆகிவிட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

அம்மா மொழிப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். டெனிஷ் விளங்கும், வாய்தான் திறக்காது. வைத்தியரிடம் போனாலும் கடைக்குப் போனாலும் என் காதுக்குள் குசுகுசுப்பார். "தலை சுத்துது எண்டு சொல்லு" என்பார். நான் நிமிர்ந்து நின்று, தலை சுற்றுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, இரவில் நித்திரையும் இல்லை என்று சேர்த்துச் சொல்வேன். அம்மாவுக்கு அது விளங்கும். வைத்தியருக்கு முன்னால் என்னைக் கிள்ள முடியாமல் சிரித்துக்கொண்டு இருப்பார்.

டென்மார்க் வழக்கங்களையும் நானே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்கும் போகக் கூடாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கக் கூடாது. பிறந்தநாள் என்றால் மேசையில் டென்மார்க் கொடி நிற்க வேண்டும்.

"பிறந்தநாளுக்குக் கொடியோ? நாங்கள் என்ன ராச குடும்பமோ?" என்று அம்மா சிரித்தார். நான் விடவில்லை. அப்பாவின் பிறந்தநாளன்று ஒவ்வொரு உழுந்து வடையிலும் ஒரு கடதாசிக் கொடி குத்தி வைத்தேன். அப்பா கொடிகளைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வடையைச் சாப்பிட்டார்.

அடுத்த வருடம் தொடங்கியபோது வீட்டில் சிரிப்புக் குறைந்தது. அம்மாவின் ஒரே தங்கை, என் சித்தி, வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். மாசி மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் சித்தியின் பழைய இலக்கத்தை அழுத்திவிட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். தமிழ்த் தொலைக்காட்சி எந்நேரமும் ஓடும். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார்கள். சித்தி எப்போது எடுப்பார் என்று கேட்டால், "சண்டை முடியட்டும், கதைப்பா" என்பதுதான் பதில். நான் அதை எழுத்துக்கு எழுத்து நம்பினேன். சண்டை முடியும், சித்தி கதைப்பார், அம்மா பழையபடி சிரிப்பார்.

மே மாதத் தொடக்கத்தில் வகுப்பில் ஆசிரியை ஒரு கதை சொன்னார். முன்பு ஜெர்மன்காரர் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இரவில் வெளிச்சம் தெரியாமல் யன்னல்களைக் கறுப்புத் திரையால் மூடி வைப்பார்களாம். போர் முடிந்தது என்று வானொலி சொன்ன மாலையில் சனங்கள் திரைகளைக் கிழித்தெறிந்துவிட்டு யன்னல்களில் மெழுகுதிரி ஏற்றினார்களாம். அந்த நினைவாக இப்போதும் நாலாம் திகதி மாலை பல வீடுகளில் ஏற்றுவார்கள். அன்று பார்த்தேன், எங்கள் கீழ்வீட்டு யன்னலிலும் எரிந்தது. அங்கே இருந்தவர் தபால் விநியோகித்து ஓய்வு பெற்ற பெண்மணி. தனியாக இருந்தார், படியில் கண்டால் வணக்கம் சொல்வார். புது வழக்கம் ஒன்று கிடைத்துவிட்டதென்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

மாதம் முடிவதற்குள் ஒரு நாள் ஆசிரியை என்னை எழுந்து நிற்கச் சொன்னார். இவளுடைய நாட்டில் போர் முடிந்துவிட்டது என்று வகுப்புக்கு அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். போரை நானே முடித்து வைத்தது போல நின்றேன். வீடு வரும்வரை என் கால் தரையில் படவில்லை.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அம்மா, சண்டை முடிஞ்சுதாம்!"

"ஓம், முடிஞ்சுது."

"இனிச் சித்தி கதைப்பாதானே?"

அம்மா முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார். "தலையிடி பிள்ளை, கொஞ்சம் சத்தம் போடாமல் இரு" என்றார். பாவம், தலையிடி கடுமை போல என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுதிரிகள் சமையலறையில் இருந்தன. அவற்றைத் தேநீர்க் கோப்பைத் தட்டுகளில் நிறுத்தி, வீட்டில் இருந்த எல்லா யன்னல்களிலும் வைத்தேன். மே மாதத்தில் எஸ்பியர்க்கில் மாலை எட்டு மணிக்கும் நல்ல பகல். நல்ல வேளையாகக் கடலிலிருந்து பனிப்புகார் ஏறி வந்து ஊர் இருண்டு கிடந்தது. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வெளியே பார்த்தால், எதிர்க் கட்டடத்தில் இருந்த தமிழ் வீட்டு யன்னலிலும் ஒரு சுடர். எங்களைப் பார்த்துத்தான் அவர்களும் ஏற்றியிருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெண்மணி கை நிறைய டியூலிப் பூவோடு நின்றார். வானொலியில் கேட்டாராம், யன்னல்களையும் கண்டாராம். "தில்லுக்கே" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறந்தநாளுக்கும் கலியாணத்துக்கும் அந்த ஊரில் சொல்லும் வாழ்த்து அதுதான். அவருடைய கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு நான் சந்தோசமாகக் கண்ட ஒரே பெரிய ஆள் அவர்தான்.

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். யன்னல் யன்னலாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"சண்டை முடிஞ்சதுக்கு உங்களுக்கு வாழ்த்துச் சொல்லுறா, அம்மா."

அம்மா இரண்டு கையாலும் பூவை வாங்கினார். "நீ கீழ போய் அப்பா வாறாரோ எண்டு பார்" என்றார்.

"நான் இல்லாமல் எப்பிடிக் கதைப்பீங்கள்?"

"போ, பிள்ளை."

அந்தப் பெண்மணியைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கீழே போகாமல் கதவுக்கு வெளியே நின்றேன். சொற்கள் பிடிபடவில்லை, குரல் மட்டும் கேட்டது. கடையில் "பை வேண்டாம், நன்றி" என்பதற்கு மேல் டெனிஷ் பேசாத என் அம்மா பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்மணி இடையிடையே, அந்த ஊர்க்காரர் செய்வதுபோல, மூச்சை உள்ளே இழுத்து "யா" என்றார்.

சித்தி செத்துப்போன செய்தி அன்று காலையே வவுனியாவிலிருந்து வந்திருந்தது. அப்பா வேலையில், நான் பள்ளிக்கூடத்தில். அம்மா நாள் முழுக்க அதை ஒருவருக்கும் சொல்லாமல் படுத்திருந்தார். முதன்முதலாக வாய் திறந்து சொன்னது அந்தச் சமையலறையில்தான், உருளைக்கிழங்கு வாங்குவதற்கும் வைத்தியரிடம் நேரம் கேட்பதற்கும் படித்த மொழியில். இதை அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகு. எங்களிடம் சொல்லாமல் ஏன் அவவிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். "தமிழிலை சொல்லத் தொடங்கியிருந்தால் நான் விழுந்திருப்பன்" என்றார்.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் ரோசம் போய்ச் சந்தோசம் பிடித்துக்கொண்டது. அப்பா படியேறி வரும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வாசலில் மறித்தேன்.

"அப்பா, அம்மா டெனிஷ் கதைக்கிறா! நான் இல்லாமல்! ஒரு இடத்திலயும் தடக்குப்படேல்லை!"

அப்பா எனக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த யன்னல்களைப் பார்த்தார்.

"என்னத்தைப் பற்றிக் கதைக்கிறா?"

"அது தெரியாது. ஆனா நல்லாக் கதைக்கிறா."

அப்பா கையில் இருந்த பையை அப்படியே கீழே விட்டுவிட்டு என்னைத் தாண்டி உள்ளே ஓடினார். தொழிற்சாலைச் சப்பாத்து ஈரமாக இருந்தது. தரையெல்லாம் சேறு.

"அப்பா, சப்பாத்து!" என்று நான் பின்னால் நின்று கத்தினேன்.