மல்லி மடித்த தாள்

தொண்ணூறுகளில் பாளையம்பட்டியில் மளிகைக்கடை வைத்திருந்தேன். ஒரு பழைய துப்பறியும் காமிக்ஸை நாலு தடவை படித்தாகிவிட்டது, இனி அதில் என்ன இருக்கிறது என்று கிழித்துப் பொட்டலம் மடித்தேன்.

மறுநாள், தறி வேலைக்குப் போகும் மாரியம்மாள், முந்தின நாள் கொத்துமல்லி விதை மடித்துக் கொடுத்த தாளோடு வந்தார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது.

"அண்ணாச்சி, பொணத்துக்கிட்ட நின்னு அழுகுறானே, இவந்தான கொன்னது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனேதான். ஆனால் அது கடைசிப் பக்கத்தில்தான் தெரியவரும்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"எல்லாரும் பொணத்தப் பாக்குறாக. இவன் மட்டும் கதவப் பாக்குறான்."

தாளை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் அகலக் கட்டத்துக்குள் ஓவியர் அந்தக் கண்களை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நாலு தடவையும் நான் எழுத்தை மட்டும்தான் படித்திருக்கிறேன்.

"மிச்சத் தாளெல்லாம் குடுங்க அண்ணாச்சி, பாத்துட்டுத் தாரேன்" என்றார்.

எல்லாம் முந்தின நாளே பொட்டலமாக ஊருக்குள் போய்விட்டிருந்தது. யார் யாருக்கு மடித்துக் கொடுத்தேன் என்று கடன் நோட்டைப் புரட்டினேன்.