ஒன்றாம் வகுப்பில் ஒரு வாரம், நரேலாவில் ஒரு மாலை

என் மகளுக்கு எட்டு வயது. டெல்லி துவாரகாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. சின்னப் பிள்ளைகளுக்கு எப்படித்தான் சொல்லித்தருகிறார்கள் என்று பார்க்க, பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் என் தோழி ஜெயந்தி ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். வகுப்பில் உட்கார அவளே அனுமதி வாங்கி வைத்திருந்தாள்.

துவாரகாவிலிருந்து மெட்ரோவில் ஜனக்புரி வெஸ்ட், அங்கே மாறி ஹவுஸ் காஸ், மறுபடி மாறி ஐஎன்ஏ. ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும், நான் நடந்துவிட்டேன்.

அந்த வாரப் பாடம் 'வழி'. திங்களன்று ஜெயந்தி தரையில் சாக்பீஸால் தெருக்களை வரைந்து, இடது, வலது, நேரே என்று சொல்லிப் பிள்ளைகளை நடக்கவிட்டாள். "டீச்சர், இவன் உல்டாவா போறான்!" என்று ஒரே கூச்சல். அந்தச் சொற்களை அட்டையில் படித்தது மறுநாள்தான். வீட்டில் நான் எடுத்த எடுப்பிலேயே புத்தகத்தைத் திறந்துவிடுவேன்.

காவ்யா மட்டும் எதிலும் சேரவில்லை. டெஸ்க்கில் தலைசாய்த்துத் தூங்கிவிடுவாள். "எழுப்பாதே" என்றாள் ஜெயந்தி. ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் வீடு இடிபட்டதும் காவ்யாவின் குடும்பம் டெல்லியின் வடகோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போய்விட்டது. அம்மா மல்லிகாவுக்கு வீட்டு வேலை இன்னும் ஜங்புராவில்தான். நரேலாவிலேயே ஹிந்திப் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறாராம். "நல்லாப் படிக்கிற பொண்ணு. நீ கொஞ்சம் அவ அம்மாகிட்ட பேசிப் பாரேன்" என்றாள்.

வியாழனன்று ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போகும் வழியைச் சொல்ல வேண்டும். பலருக்கு இரண்டு திருப்பத்தில் வீடு வந்துவிட்டது. காவ்யா எழுந்தாள். "கேட்லேர்ந்து நேரா. அப்புறம் மெட்ரோ. கடைசி ஸ்டேஷன். அப்புறம் பஸ். அப்புறம் மாடி ஏறணும்."

"தினமும் மெட்ரோவா?" என்று ஒருவன் பொறாமையோடு கேட்டான். காவ்யா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளியன்று மல்லிகா மகளை அழைக்க வந்தபோது நானும் கூடவே கிளம்பினேன். தமிழை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான். மெட்ரோவில் கடைசி ஸ்டேஷனான சமய்பூர் பாத்லி வரை உட்கார இடமில்லை. காவ்யா என் துப்பட்டாவைப் பிடித்து நின்றபடியே கண் சொக்கினாள். பஸ்ஸில் முட்டிமோதி ஏறி, வீடு சேர இரண்டரை மணி நேரம். அவள் சாப்பிடாமலே பாயில் படுத்துவிட்டாள்.

"காலைல இருட்டுலயே எழுப்புறேன் மேடம்," என்றார் மல்லிகா. "நம்ம பேச்ச எழுதப் படிக்கணும்னு எனக்கும் ஆசைதான். இங்க சேத்தா என் தங்கச்சி பாத்துக்குவா. என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"இங்கேயே சேர்த்துடுங்க மல்லிகா," என்றேன். "தமிழ ஞாயித்துக்கிழமை நான் போன்ல சொல்லித்தர்றேன். என் பொண்ணையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கறேன்."

அவர் என்னையே பார்த்தார். "வேணாம்னு சொல்லத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன்."

ஜெயந்தியிடம் சொன்னேன். "டி.சி. வாங்க வரும்போது தமிழ்ப் பாடப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பறேன்" என்றாள்.

இப்படி வகுப்பில் உட்கார விரும்புகிறவர்கள் பள்ளியில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். பெற்றோர் சம்மதித்தால், ஒரு நாளாவது ஒரு பிள்ளையோடு வீடு வரை போய் வாருங்கள். அறிவுரை ஏதும் மிச்சமிருந்தால் அதன்பிறகு சொல்லலாம்.